எத்தெல் வாட்டர்ஸ்: பாட்டும் பாத்திரமும்

இசை வேறு, நாடகம் வேறு என்று பிரித்துப் பேசுவது எளிது. மேடையில் நின்று பாடும் ஒருவர், பாடுகின்ற அந்நேரத்திலேயே கதையில் வாழும் ஓர் ஆளாகவும் மாறிவிடுவாரானால், இசை எங்கே முடிகிறது, நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுதல் அரிது. அவ்வாறு கோடு கிழிக்க முடியாத கலைஞர்கள் எந்நாட்டிலும் சிலரே தோன்றுவர். அமெரிக்க மேடையில் அத்தகையோருள் ஒருவர் எத்தெல் வாட்டர்ஸ். 1896ஆம் ஆண்டு பிறந்து 1977ஆம் ஆண்டு மறைந்த இக்கறுப்பினக் கலைஞர், இரவு விடுதிப் பாடகியாகத் தொடங்கி, இசைத்தட்டு, பல்சுவை மேடை, துன்பியல் நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய துறைகள் யாவற்றிலும் அறுபது ஆண்டுக்காலம் உழைத்தவர்.

அவர் வாழ்க்கைப் பணியை மதிப்பிடுவோர் இரு வகையினர். ஒரு சாரார், கறுப்பினத்தார்க்கு அடைக்கப்பட்டிருந்த வாயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தவர் என்று அவரைப் போற்றுவர். மறு சாரார், இளமையில் புதுமைப் பாடகியாக ஒளிர்ந்தவர் பிற்காலத்தில் வெள்ளையர் வீட்டு ஆயாவாகவும் சமையற்காரியாகவும் நடிப்பதிலேயே அடங்கிப் போனார் என்று வருந்துவர். முன்னது அவர் திறந்த கதவுகளை எண்ணுகிறது. பின்னது அவர் ஏற்ற வேடங்களை எண்ணுகிறது. அவ்வேடங்களுக்குள் அவர் செய்தது யாது என்பதை இரண்டும் ஆராய்வதில்லை. ஒரு கலைஞருக்குக் கிடைக்கும் வேடங்கள் அவர் கையில் இல்லாத காலத்தில், அவரை எதைக் கொண்டு அளப்பது? எத்தெல் வாட்டர்ஸின் கலையைப் பற்றிய கேள்வி இதுவே.

பிறப்பும் பயிற்சியும்

பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த செஸ்டர் என்னும் ஊரில் வறுமையின் அடித்தட்டில் அவர் பிறந்தார். வன்முறைக்கு ஆளான ஓர் இளம்பெண்ணின் மகளாகப் பிறந்த அவரை வளர்த்தவர் பாட்டி. அந்த அம்மையார் வெள்ளையர் இல்லங்களில் வேலை செய்து பிழைத்தவர். பதின்மூன்று வயதிலேயே திருமணம்; அது நிலைக்கவில்லை. பிலடெல்பியா நகர விடுதியொன்றில் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையில் வாரத்துக்கு ஐந்து டாலருக்கும் குறைவான கூலியே கிடைத்தது. 1917ஆம் ஆண்டு, பிறந்த நாளன்று, இரவு விடுதியொன்றில் இரண்டு பாடல்கள் பாடினார். அதன் பயனாகப் பால்டிமோர் நகரில் மேடை ஏறும் வாய்ப்பு வந்தது.

இச்செய்திகள் இரக்கம் தேடுவதற்காக இங்குக் கூறப்படவில்லை. பிற்காலத்தில் அவர் மேடையில் வாழ்ந்து காட்டிய அடுக்களைகளும் சலவைத் தொட்டிகளும் அவர் வேடிக்கை பார்த்தறிந்த பொருள்கள் அல்ல. பாட்டியின் கையிலும் தம் கையிலும் இருந்தவை. வேலைக்காரி ஒருத்தி முதலாளி முன் எவ்வாறு நிற்பாள், அவர் அகன்றபின் எவ்வாறு நிற்பாள் என்பதைப் பிறர் சொல்லி அவர் அறிய வேண்டியதில்லை.

சொல் விளங்கப் பாடிய குரல்

அந்நாளில் கறுப்பினப் பாடகியர்க்குரிய தனித்துறை ‘புளூஸ்’ எனப்படும் துயர்ப்பாட்டு. அத்துறையின் பேரரசியாக விளங்கியவர் பெஸ்ஸி ஸ்மித். பெருங்குரலும் கனத்த முழக்கமும் அவருடையவை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசை வரை அக்குரல் சென்று மோதும். ஒருமுறை அட்லாண்டா நகரில் இருவரும் ஒரே மேடையில் தோன்ற நேர்ந்தபோது, தமக்குரிய புளூஸ் பாட்டுகளை இளையவர் பாடலாகாது என்று பெஸ்ஸி ஸ்மித் தடுத்ததை எத்தெல் வாட்டர்ஸ் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார்.

ஒல்லியான உடலும் உயரமும் கொண்ட இளைய பாடகியின் வழி வேறு. அவர் குரலை உயர்த்தவில்லை, சொல்லைத் தெளிவுபடுத்தினார். ஒவ்வோர் அசையும் கேட்போர் செவியில் தனித்தனியே விழுமாறு பாடினார். சொல் விளங்கினால் பொருள் விளங்கும். பொருள் விளங்கினால் பாடுபவள் யார், யாரிடம் பேசுகிறாள், எதை மறைக்கிறாள் என்பதும் விளங்கும். நாடகத்தின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

1921ஆம் ஆண்டு ஹார்லெமில் ஹாரி பேஸ் என்பவர் ‘பிளாக் சுவான்’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பினத்தார் உரிமையில் கறுப்பினக் கலைஞர்களின் இசையைப் பதிந்து விற்ற தொடக்ககால நிறுவனங்களுள் அது குறிப்பிடத்தக்கது. பெஸ்ஸி ஸ்மித்தின் குரலைக் கரடுமுரடானது என்று ஒதுக்கிய அந்நிறுவனம், எத்தெல் வாட்டர்ஸை ஏற்றுக்கொண்டது. அவர் தட்டு நன்கு விற்று நிறுவனத்தை நிமிர்த்தியது. பியானோ வாசித்த பிளெட்சர் ஹெண்டர்சனுடன் ஊர் ஊராகச் சென்று பாடினார். 1925ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடிய ‘டைனா’ நாடு முழுவதும் பரவியது. 1929ஆம் ஆண்டு ‘ஆன் வித் தி ஷோ’ என்னும் திரைப்படத்தில் ‘ஆம் ஐ புளூ’ பாடலைப் பாடினார்.

அவர்க்குப் பின் வந்த ஜாஸ் பாடகியர் பலர் அவர் வழியைப் பின்பற்றினர். பாட்டின் சொல்லைப் பேச்சின் இயல்போடு இணைத்துப் பாடும் முறை பிற்காலத்தில் பொது வழக்காகிவிட்டது. ஆகவே இன்று அத்தட்டுகளைக் கேட்பவர்க்கு அதில் புதுமை ஏதும் இல்லை என்று தோன்றக்கூடும். வழி பழகிப் போனபின் அதை முதலில் வெட்டியவரின் உழைப்பு கண்ணுக்குப் புலனாவதில்லை.

புயலும் மனமும்

1933ஆம் ஆண்டு ஹார்லெமின் ‘காட்டன் கிளப்’ விடுதியில் ஹரால்ட் ஆர்லன் இசையமைத்து டெட் கோலர் எழுதிய ‘ஸ்டார்மி வெதர்’ என்னும் பாடலை அவர் பாடினார். அவ்விடுதியில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பர். அமர்ந்து பார்ப்போர் வெள்ளையர். காதலன் அகன்றபின் வானமும் வாழ்வும் ஒருசேர இருண்டு போனதாகப் பெண்ணொருத்தி புலம்புவது பாட்டின் பொருள். காட்சிக்காகப் புயலோசை எழுப்பும் கருவிகள் ஆயத்தமாக இருந்தன. புயலின் இரைச்சலைக் குறைத்து மனித உணர்ச்சிக்கு இடம் தர வேண்டும் என்று தாம் கேட்டதாக அவர் பின்னாளில் எழுதினார்.

இது சிறு செய்தி போல் தோன்றினும், அவர் கலைக்கொள்கை முழுவதும் இதில் அடங்கும். உள்ளத்து உணர்வு உடல்வழி வெளிப்படுவதைத் தமிழிலக்கணம் மெய்ப்பாடு என்னும். புயலைப் பொறி காட்டிவிட்டால், பாடுபவளின் மெய்யில் காட்டுவதற்கு என்ன எஞ்சும்? புறத்தே ஒலிக்கும் இடியை நீக்கினால்தான் அகத்தே இடிவது கேட்கும். அப்பாட்டின் இசைத்தட்டை 2003ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நாட்டின் நிலைத்த ஒலிப்பதிவுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

செய்தித்தாளும் சோற்று வேளையும்

அவ்விடுதியில் அவரைக் கேட்ட இசையமைப்பாளர் இர்விங் பெர்லின், தம் புதிய பல்சுவை நாடகத்துக்கு அவரை அழைத்தார். ‘ஆஸ் தௌசண்ட்ஸ் சியர்’ என்னும் அந்நாடகம் 1933 செப்டம்பர் 30ஆம் நாள் நியூ யார்க் நகரின் மியூசிக் பாக்ஸ் அரங்கில் தொடங்கி 400 முறை நடைபெற்றது. உரையாடல் மாஸ் ஹார்ட் எழுதியது. மேரிலின் மில்லர், கிளிஃப்டன் வெப், ஹெலன் பிராடரிக் ஆகிய வெள்ளையர் மூவருடன் முதன்மைக் கலைஞர்களுள் ஒருவராக எத்தெல் வாட்டர்ஸ் மேடையேறினார். வெள்ளையர் பிராட்வே மேடையில் கறுப்பினப் பெண்ணொருவர் இவ்விடம் பெற்றது அந்நாளில் பெரும்புதுமை.

நாடகத்தின் அமைப்பு செய்தித்தாளின் அமைப்பு. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒரு தலைப்புச் செய்தி தோன்றும். பின் அச்செய்தி காட்சியாக விரியும். அரசியல்வாதிகள், செல்வர், திரைப்பட நடிகர் ஆகியோரைப் பற்றிய கேலி மிகுதி. வானிலைச் செய்திக்குரிய ‘ஹீட் வேவ்’ என்னும் துள்ளலான பாட்டும் எத்தெல் வாட்டர்ஸுக்கே உரியது. இவ்வாறு சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால், வெறிகொண்ட கும்பலொன்று பெயரறியாக் கறுப்பன் ஒருவனைக் கொன்றது என்னும் பொருளுடைய தலைப்புச் செய்தி தோன்றும். அதன்பின் அவர் பாடிய பாட்டு ‘சப்பர் டைம்’. இராச்சோற்று வேளை என்று தமிழில் கூறலாம்.

பாட்டில் கொலை இல்லை, கும்பல் இல்லை, மரமும் கயிறும் இல்லை. ஒரு தாய் இரவு உணவுக்கு மேசையை ஒழுங்கு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குப் பசி. வழக்கமாக வருகின்றவன் இனி வரமாட்டான். அதைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இவ்வளவே. பெரிய கொடுமையைச் சிறிய வேலையொன்றின் வழியாகக் காட்டியதில் பெர்லினின் திறம் விளங்குகிறது. ஆயினும், ஏட்டில் உள்ள பாட்டு மேடையில் உயிர் பெறுவதற்கு, அழுகையை அடக்கிக்கொண்டு தட்டுகளை அடுக்கும் ஒரு பெண் தேவை. கதறினால் பாட்டு கெடும். கதறாமல் வெறுமனே பாடினாலும் கெடும். வேலை நிற்கக்கூடாது, துயரும் மறையக்கூடாது என்னும் இவ்விரண்டுக்கும் இடையில் நடப்பதற்கு அவர் பதினாறு ஆண்டுகளாகப் பழகியிருந்தார்.

கேளிக்கை மேடையில் இப்பாட்டு பொருந்தாது, நீக்கிவிடலாம் என்று கருதியோரும் இருந்தனர், அது நீக்கப்படவில்லை. தம் இனத்தின் துயர வரலாறாகவே அதைத் தாம் கொண்டதாக அவர் எழுதியிருக்கிறார். கும்பற்கொலையைத் தடுக்கும் மசோதா ஒன்று 1934ஆம் ஆண்டு அமெரிக்க மேலவையின் முன் வந்து நிறைவேறாது போயிற்று. கும்பற்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் கையொப்பமானது 2022ஆம் ஆண்டில்தான். பிராட்வே அரங்கில் இரவு விருந்து முடித்து வந்து அமர்ந்திருந்தவர்களின் முன்னால், 1933ஆம் ஆண்டிலேயே, வேறொரு வீட்டின் சோற்று மேசையை அப்பாட்டு கொண்டுவந்து வைத்தது.

ஹேகரும் திறனாய்வாளரும்

பாடகி நடிக்கக்கூடுமா என்னும் ஐயத்தை முற்றும் நீக்கும் தேர்வு 1939ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் எம்பயர் அரங்கில் நடந்தது. டூபோஸ் ஹேவர்டும் அவர் துணைவியார் டாரத்தியும் எழுதிய ‘மாம்பாஸ் டாட்டர்ஸ்’ என்னும் நாடகத்தில், ஹேகர் என்னும் தாயாக எத்தெல் வாட்டர்ஸ் தோன்றினார். தென் கரோலினாவைச் சேர்ந்த எழுத்தறியாத உழைப்பாளி ஹேகர், உடல் வலிமை மிக்கவள், பேச்சு குறைந்தவள். மகளை உயர்த்துவதற்காக அவளிடமிருந்து விலகி வாழ்கிறாள். மகளைக் கெடுத்து மிரட்டியவனைக் கொன்று தன்னுயிரையும் மாய்த்துக்கொள்கிறாள். ஹேகரில் தம் தாயையே கண்டதாக எத்தெல் வாட்டர்ஸ் கூறியுள்ளார்.

இப்பாத்திரத்தின் கடினம், அவளுக்குச் சொல் இல்லை என்பதே. சொல்லைத் தெளிவுறப் பாடிப் புகழ்பெற்ற ஒருவர், சொல்லற்ற ஒருத்தியாக நிற்க வேண்டியிருந்தது. ஜெரோம் கெர்ன் இசையமைத்த ஒரே ஒரு பாடல் அவருக்கு உண்டு. எஞ்சிய நேரமெல்லாம் நிற்பதும் நடப்பதும் பார்ப்பதுமே மொழி. முதல் இரவில் திரை மீண்டும் மீண்டும் உயர்த்தப்பட்டு, பதினேழு முறை அவர் வந்து வணங்கினார் என்பர்.

ஆயினும் ‘நியூ யார்க் டைம்ஸ்’ இதழின் புகழ்பெற்ற நாடகத் திறனாய்வாளர் புரூக்ஸ் அட்கின்சன் அவர் நடிப்பைக் குறைத்து மதிப்பிட்டார். மேடையுலக நண்பர் பலர் ஒன்றுசேர்ந்து பணம் செலுத்தி, அதே இதழில் எத்தெல் வாட்டர்ஸின் நடிப்பைப் பாராட்டி விளம்பரம் வெளியிட்டனர். அட்கின்சன் மறுமுறை சென்று நாடகத்தைப் பார்த்தார்; தம் மதிப்பீட்டை மாற்றி எழுதினார்.

நண்பர்களின் அன்பு இந்நிகழ்ச்சியில் பெரிதாகப் பேசப்படுவதுண்டு. திறனாய்வு பயில்வோர்க்கு அதனினும் பெரிய பாடம் ஒன்று இதில் உண்டு. பாடகியைக் காண வந்தவர் பாட்டையும் பகட்டையும் எதிர்பார்ப்பது இயல்பு. எதிர்பார்த்தது கிடைக்காதபோது இருப்பது கண்ணில் படுவதில்லை. முதல் முறை பார்த்தபோது குறையாகத் தோன்றிய அடக்கம், மறுமுறை பார்க்கும்போது பாத்திரத்தின் இயல்பாகத் தோன்ற இடமுண்டு. மாணவர் ஏட்டை மதிப்பிடும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும்.

பெட்டூனியாவும் திரையுலகமும்

1940 அக்டோபர் 25ஆம் நாள் ‘கேபின் இன் தி ஸ்கை’ என்னும் இசை நாடகம் தொடங்கியது. வெர்னான் டூக் இசை. ஜான் லாடூஷ் பாட்டு. மேடையமைதி ஜார்ஜ் பாலன்சின். சூதாட்டப் பழக்கமுள்ள கணவனின் ஆன்மாவுக்காக விண்ணும் பாதாளமும் போரிடும்போது, இடையில் நின்று அவனை மீட்கப் போராடும் மனைவி பெட்டூனியாவாக எத்தெல் வாட்டர்ஸ் நடித்தார். ‘டேக்கிங் எ சான்ஸ் ஆன் லவ்’ என்னும் பாடல் அதில் இடம் பெற்றது. கதை எளிய கற்பனை. கறுப்பினத்தார் எல்லாரும் வெள்ளை மனமும் பக்தியும் உடைய சிறு பிள்ளைகள் போன்றோர் என்னும் வெள்ளையர் எண்ணம் அதில் இல்லாமல் இல்லை. பெட்டூனியாவின் நகைச்சுவையும் பொறாமையும் பிடிவாதமும்தான் அப்பொம்மைக் கூட்டத்துள் ஓர் உயிருள்ள பெண்ணைக் காட்டின.

1943ஆம் ஆண்டு வின்சென்ட் மினெல்லி அதைத் திரைப்படமாக்கியபோதும் அவரே பெட்டூனியா. படப்பிடிப்பின்போது எழுந்த மனவேறுபாடுகளுக்குப் பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் திரையுலகம் அவரை அழைக்கவில்லை. 1949ஆம் ஆண்டு எலியா கசான் இயக்கிய ‘பிங்கி’ திரைப்படத்தில் சலவைத் தொழில் செய்யும் பாட்டியாக நடித்து, ஆஸ்கார் துணைநடிகை விருதுக்குப் பெயர் முன்மொழியப் பெற்றார். கறுப்பினப் பெண்களுள் ஹாட்டி மெக்டானியலுக்கு அடுத்து அப்பெருமை அடைந்தவர் அவரே. அப்படத்தில் வெள்ளை நிறத்தோற்றமுடைய கறுப்பினப் பேத்தியாக நடிக்க வெள்ளை நடிகை ஒருவரே அமர்த்தப்பட்டார் என்பது அக்காலத்தின் இயல்பைக் காட்டும்.

இரண்டு அடுக்களைகள்

1950ஆம் ஆண்டு எத்தெல் வாட்டர்ஸின் வாழ்க்கையில் நடுநாயகமானது. அவரைப் பற்றிய வழக்கைத் தீர்ப்பதற்குரிய சான்றும் அவ்வாண்டிலேயே கிடைக்கிறது. அவர் ஒரே காலத்தில் இரண்டு வெள்ளையர் வீடுகளின் அடுக்களையில் நின்றார். ஒன்று மேடையில், மற்றொன்று தொலைக்காட்சியில்.

மேடை நாடகம் கார்சன் மெக்கல்லர்ஸ் தம் நாவலைத் தழுவி எழுதிய ‘தி மெம்பர் ஆஃப் தி வெடிங்’. 1950 ஜனவரி 5ஆம் நாள் எம்பயர் அரங்கில் தொடங்கி 501 முறை நடைபெற்று, அவ்வாண்டின் சிறந்த அமெரிக்க நாடகமென நியூ யார்க் நாடகத் திறனாய்வாளர் குழுவின் விருதைப் பெற்றது. ஹரால்ட் கிளர்மன் இயக்கினார். தென்மாநிலச் சிற்றூரில், தாயில்லாத பன்னிரண்டு வயதுச் சிறுமி பிராங்கி, அவள் சிறு உறவினன் ஜான் ஹென்றி, சமையற்காரி பெரினிஸ். அடுக்களை மேசையைச் சுற்றியே நாடகத்தின் பெரும்பகுதி நிகழ்கிறது. அண்ணன் திருமணத்தில் மணமக்களோடு தானும் போய்விடலாம் என்று கனவு காண்கிறாள் சிறுமி. அது நடவாது என்று அறிந்த பெரினிஸ், அவளைக் கடிந்தும் தேற்றியும் நிற்கிறாள்.

பெரினிஸ் பிறர் வீட்டில் வேலை செய்பவள்தான். ஆனால் அவள் வாழ்வு அவ்வீட்டோடு முடிந்துவிடுவதில்லை. இறந்துபோன முதற்கணவனை அவள் மறக்கவில்லை. அவனுடைய சாயலைச் சிறிதளவேனும் பிறரிடம் தேடித் தேடி மறுமணங்கள் செய்து ஏமாந்தவள். அவளால் தம்பிபோல் நேசிக்கப்படும் ஹனி என்னும் இளைஞன் வெள்ளையர் உலகத்தின் கொடுமையைப் பொறுக்காமல் சிறையில் உயிர் விடுகிறான். சிறுவன் ஜான் ஹென்றி நோயில் இறக்கிறான். சிறுமி புதிய தோழமை கண்டு பழைய அடுக்களையை மறந்து ஓடிவிடுகிறாள். இறுதியில் எல்லாம் இழந்து தனியே அமர்ந்திருப்பவள் பெரினிஸ். சிறுமியின் கதையாகத் தொடங்கிய நாடகம், திரை விழும்போது சமையற்காரியின் கதையாக முடிகிறது.

அவ்விறுதியில் ஒரு பாட்டு உண்டு. ஆசிரியர் முதலில் வைத்திருந்தது ஒரு ரஷ்யத் தாலாட்டு. அதை மாற்றித் தாம் குழந்தைப் பருவம் முதல் அறிந்த சிட்டுக்குருவி பற்றிய கிறித்துவப் பக்திப்பாடலை வைக்க வேண்டும் என்று எத்தெல் வாட்டர்ஸ் வற்புறுத்தினார். அவர் விருப்பமே நிறைவேறியது. எழுத்தாளரின் சொல்லை நடிகை மாற்றலாமா என்று கேட்கலாம். நாடகத்தை நோக்கின் விடை கிடைக்கும். ரஷ்யத் தாலாட்டு ஆசிரியரின் நினைவு. பக்திப்பாடல் பெரினிஸின் நினைவு. தென்மாநிலக் கறுப்பினச் சமையற்காரி தனிமையில் எதைப் பாடுவாள் என்பதை நடிகையே நன்கறிந்திருந்தார். இரண்டாம் அங்கத்தின் முடிவில் இரு பிள்ளைகளையும் அணைத்தவாறு மூவரும் சேர்ந்து பாடுவதும், இறுதியில் அதே பாட்டை அவள் ஒருத்தியே பாடுவதும் ஒப்புநோக்கத் தக்கவை. பாட்டு மாறவில்லை, சுற்றியிருந்தவர்கள் இல்லை.

இனி மற்றோர் அடுக்களை. 1950 அக்டோபரில் ‘பியூலா’ என்னும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. பியூலா ஹெண்டர்சன் என்னும் வெள்ளையர் குடும்பத்தின் வேலைக்காரி. அவர்கள் வீட்டில் வாரந்தோறும் சிறு சிக்கல் தோன்றும். பியூலா தன் அன்பாலும் சமையலாலும் தீர்ப்பாள். இப்பாத்திரத்தை வானொலியில் முதலில் படைத்துப் பேசியவர் மார்லின் ஹர்ட் என்னும் வெள்ளை ஆண்மகன். கறுப்பினப் பெண்ணின் சிரிப்பும் பேச்சும் எவ்வாறிருக்கும் என்று ஒரு வெள்ளையர் செய்த கற்பனைக்குள், உண்மையான ஒரு கறுப்பினப் பெண் போய் நிற்க வேண்டியதாயிற்று. கறுப்பினத்தார் முன்னேற்றச் சங்கம் இத்தகைய தொடர்களைக் கண்டித்தது. எத்தெல் வாட்டர்ஸ் 1951ஆம் ஆண்டு அத்தொடரை விட்டு விலகினார்.

இரண்டும் அடுக்களை, இரண்டிலும் மேலங்கி அணிந்த சமையற்காரி, நடித்தவரும் ஒருவரே, காலமும் ஒன்றே. எனினும் ஒன்று கலை. மற்றொன்று வெறும் பிழைப்பு. வேறுபாடு வேடத்தில் இல்லை. பெரினிஸுக்கு அவ்வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்வு உண்டு: அவளுக்கென்று இறந்தவர்கள் உண்டு, நினைவு உண்டு, சினம் உண்டு. பியூலாவுக்கு அவை இல்லை; அவள் துயரெல்லாம் முதலாளி வீட்டுத் துயர். ‘சப்பர் டைம்’ பாட்டில் வரும் பெண்ணின் அடுக்களை அவளுடையது. அங்கே அவள் பரிமாறுவது தன் பிள்ளைகளுக்கு. இவ்வளவுகோலால் அளந்தால், எத்தெல் வாட்டர்ஸின் வேடங்களுள் எவை உயர்ந்தவை, எவை தாழ்ந்தவை என்பது ஐயமின்றி விளங்கும். ‘வேலைக்காரி வேடம்’ என்னும் ஒரே பெயரால் அனைத்தையும் தள்ளுதல் திறனாய்வு ஆகாது.

ஒரு மறுப்பு

இங்கு ஒரு மறுப்பு எழும். வேலைக்காரியை மாண்புடையவளாகக் காட்டுவதும், அவளை வேலைக்காரியாகவே இருக்கச் செய்வதற்கு ஒரு வழியன்றோ? அன்பு நிறைந்த ஆயா ஒருத்தி அடுக்களையில் அமர்ந்து பக்திப்பாடல் பாடினால், அதைக் காணும் வெள்ளையர் கண்ணீர் விட்டு மனம் லேசாகி வீடு செல்வர். வீட்டில் உள்ள வேலைக்காரியின் கூலி உயராது. இம்மறுப்பு வலிமையுடையது. ‘பிங்கி’ படத்தின் பாட்டிக்கு இது பெரும்பாலும் பொருந்தும். பெரினிஸ் பாத்திரத்தையும் இந்நோக்கில் குறை கூறினோர் உண்டு.

ஆனால் பெரினிஸின் முடிவைக் கருதல் வேண்டும். அவளுக்கு ஆறுதல் தருபவர் யாரும் இல்லை. அவள் வளர்த்த சிறுமி நன்றி கூறிக் கண்ணீர் விடுவதில்லை. தன் புதிய உலகைப் பற்றிப் பேசிவிட்டு ஓடிவிடுகிறாள். அன்பைப் பெற்றவர்கள் அதை எவ்வளவு எளிதாக மறக்கின்றனர் என்பதைக் காட்டி முடிகின்ற நாடகம், காண்போர் மனத்தை லேசாக்குவதன்று. 1952ஆம் ஆண்டு பிரட் சின்னமன் இயக்கிய திரைப்படத்தில் மேடையில் நடித்த மூவரும், அதாவது எத்தெல் வாட்டர்ஸ், ஜூலி ஹாரிஸ், சிறுவன் பிராண்டன் டி வைல்ட் ஆகியோர், மீண்டும் நடித்துள்ளனர். மேடையில் அவரைக் காணும் பேறு இல்லாதோர் அப்படத்தைக் கண்டு இதனை ஆராயலாம். பிராங்கி பேசிக்கொண்டிருக்கும்போது பெரினிஸின் முகத்தைப் பார்ப்பவர்க்கு, அறிந்தும் வாய் திறவாமல் இருக்கும் ஒருத்தியின் மாண்பு புலப்படும்.

இறுதிக் காலம்

1951ஆம் ஆண்டு வெளிவந்த அவர் தன்வரலாறு, பெரினிஸ் பாடிய அப்பக்திப்பாடலின் பெயரையே தாங்கியது. பிறப்பின் இழிவையும் வறுமையையும் மறைக்காமல் கூறியதால் பெரும்புகழ் பெற்றது. எனினும் அதன்பின் வேடங்கள் அருகின. வரிப்பாக்கியும் கடனும் அவரை நெருக்கின. 1957ஆம் ஆண்டு நியூ யார்க் மாடிசன் சதுக்க அரங்கில் பில்லி கிரகாம் நடத்திய சமயக் கூட்டத்துக்குச் சென்றவர், அங்குப் பாடற்குழுவில் ஒருவராக அமர்ந்து பாடினார்; அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அக்கூட்டங்களிலேயே பெரிதும் பாடினார். 1961ஆம் ஆண்டு ‘ரூட் 66’ தொலைக்காட்சித் தொடரில் இறக்குந்தறுவாயிலுள்ள புளூஸ் பாடகியாக நடித்தது எம்மி விருதுக்கு முன்மொழியப்பட்டது. 1977 செப்டம்பர் 1ஆம் நாள் கலிபோர்னியாவில் காலமானார். 1994ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தபால்தலையை வெளியிட்டது.

சமயக் கூட்டங்களில் பாடிய காலத்தைக் கலைத்துறவு என்பாரும், கலைத்தேய்வு என்பாரும் உளர். அக்காலத்தில் புதிய பாத்திரப் படைப்பு பெரும்பாலும் இல்லை என்பது உண்மையே. அதைக் கலைச்சிறப்பாகக் கொள்ள இயலாது. அவர் முழு ஆற்றலும் ‘சப்பர் டைம்’ முதல் பெரினிஸ் வரையிலான பதினேழு ஆண்டுகளிலேயே விளங்குகிறது.

மதிப்பீடு

எத்தெல் வாட்டர்ஸுக்குக் கிடைத்த வேடங்கள் சில. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதனினும் குறைவு. ஆயினும் கிடைத்த இடத்தில் அவர் சும்மா நின்றதில்லை. புயற்பொறியைக் குறைக்கச் சொன்னார். பாட்டை மாற்றச் சொன்னார். பொருந்தாத தொடரை விட்டு விலகினார். இம்மூன்றும் ஒரே குறிக்கோளுடையன: மேடையில் நிற்பவள் பிறர் கற்பனையில் அமைந்த உருவமாக இராமல், தனக்கென்று ஒரு நெஞ்சுடைய பெண்ணாக இருக்க வேண்டும் என்பது. அக்குறிக்கோள் நிறைவேறிய இடங்களில் அவர் கலை உலகத்தரமானது. நிறைவேறாத இடங்களில் குறை அவருடையதும் ஆகலாம், எழுதியோருடையதும் ஆகலாம். எது யாருடையது என்று வேடந்தோறும் பிரித்தறிவதே அவருக்குச் செய்யத்தக்க மரியாதை.

கதையிலும் நாடகத்திலும் மூலையில் நிற்கும் வேலைக்காரரைக் காணும்போது, இவருக்கு இவ்வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்வை ஆசிரியர் தந்திருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்க மாணவர்களைப் பழக்குதல் நன்று. எந்நாட்டு நூலுக்கும் அக்கேள்வி பொருந்தும். அதற்கு விடை தேடுவோர்க்கு, தட்டுகளை அடுக்கியவாறு நின்று பாடிய எத்தெல் வாட்டர்ஸின் பாட்டும், திரை விழும்வரை அடுக்களையில் தனித்திருந்த பெரினிஸும் நல்ல துணையாவர்.